திரைக்குத் தமிழ் கொண்டுவந்த தமிழாசிரியர்

உத்திரமேரூர் பக்கம் போனா, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை ஒருதடவை நின்னு பாருங்க. பராந்தக சோழன் காலத்துல, 919லயும் 921லயும் வெட்டின குடவோலைத் தேர்தல் விதிகள் இன்னும் அப்படியே இருக்கு. கல்லுல எழுத்து வரணும்னா யாராவது ஒருத்தர் உளியைப் பிடிச்சிருக்கணும் இல்லையா? கம்ப்யூட்டர் திரையிலயும் அதே கதைதான்.

மைக்ரோபிராசசர் லேப்ல செஞ்சிருப்பீங்க. ஏஹெச் ரிஜிஸ்டர்ல 14, ஏஎல்-ல 65 போட்டு, ஹெக்ஸ் 10 இன்டரப்டைக் கூப்பிட்டா திரையில ஆங்கில 'ஏ' வந்து நிக்கும். பயாஸ் அந்த எண்ணை வீடியோ மெமரியில வைக்கும். அதுக்கான புள்ளி வடிவத்தை டிஸ்ப்ளே கார்டு தன்னோட சிப்புல இருந்து எடுத்து வரையும். 1981ல வந்த ஐபிஎம் பிசியில மொத்தம் 256 வடிவங்கள். அதுல தமிழுக்கு ஒண்ணுகூட இல்ல. பிறகு வந்த ஈஜிஏ, விஜிஏ கார்டுகள்ல நம்ம வடிவத்தை நாமே ஏத்தலாம். ஆனா ஒரு எழுத்துக்கு அகலம் எட்டே புள்ளி. 'ஐ'யையும் 'ண'வையும் அதுக்குள்ள அடக்கிப் பாருங்க, கஷ்டம் புரியும்.

அந்தக் காலத்துல இந்த வேலைக்குத் துணிஞ்சவங்கள்ல ஒருத்தர்தான் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. பிறந்தது 1946ல. தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர். பிறகு தேசியக் கல்விக் கழகத்துல விரிவுரையாளர். நம்மள மாதிரி பொறியியல் படிச்சவர் இல்ல. தமிழ்ப் பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல தமிழ்லயே எழுதணும்னு நினைச்சார். அதுக்காக அவர் உருவாக்கினதுதான் 'கணியன்'. பெயரைக் கேட்டதும் பூங்குன்றனார் ஞாபகம் வருதா?

1995ல சிங்கப்பூர்க் கவிதைகளை நாலு மொழியில இணையத்துல ஏத்தினாங்க. அதுல தமிழ்ப் பகுதி வந்தது இவரோட உழைப்பால. இணையத்துல தமிழ் எட்டிப் பார்த்த ஆரம்ப நாட்கள் அவை.

ஆனா இன்னொரு சிக்கல் இருந்துச்சு. ஆளுக்கொரு குறியீடு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஒருத்தர் அனுப்பின தமிழ், இன்னொருத்தர் திரையில வெறும் கிறுக்கலாத் தெரியும். எல்லாரும் உட்கார்ந்து பேசினாத்தான் இது தீரும்னு, 1997 மே மாசம் சிங்கப்பூர்ல 'தமிழ்நெட் 97' மாநாட்டைக் கூட்டினார். அடுத்தது 1999 பிப்ரவரியில சென்னையில நடந்துச்சு. அதோட பலன்தான் 'தமிழ்99' விசைப்பலகை. அதுக்கு முன்மாதிரியா இருந்ததுல கணியனுக்கும் பங்கு உண்டு.

1999 ஜூன்ல தமிழக அரசு அந்த விசைப்பலகையை ஏத்துக்கிட்டது. அதைப் பார்க்க அவர் இல்ல. மே மாசமே காலமாயிட்டார். வயசு 53தான்.

இந்தப் பக்கத்தை இப்போ போன்ல தமிழ்லயே படிக்கிறீங்க. ஒரு தமிழாசிரியர் தனக்குத் தெரியாததைக் கத்துக்கிட்டு செஞ்ச வேலையும் இதுக்குள்ள இருக்கு. தமிழ் மீடியத்துல இருந்து வந்து, லேப்ல இங்கிலீஷ் திரையைப் பார்த்து மிரண்டு உட்கார்ந்திருக்கிற பசங்க நம்ம வகுப்புலயும் இருக்காங்க. லேப் இருக்கு, படிப்பும் இருக்கு. அவங்களுக்கு நாம என்ன செய்யப் போறோம்?