நெவில் பிரான்சிஸ் சேம்பர்லேன்

சர் நெவில் பிரான்சிஸ் சேம்பர்லேன் (ஜனவரி 13, 1856 - மே 28, 1944) ஸ்னூக்கர் விளையாட்டை உருவாக்கியவராகக் கருதப்படும் பிரித்தானியப் படை அதிகாரி ஆவார். இதே பெயருடைய பிரித்தானியப் பிரதமர் வேறொருவர்.

1875 இல் ஜபல்பூரில் அதிகாரிகள் மெஸ்சில் பில்லியர்ட்ஸ் மேசையில் கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடத் தொடங்கினார். குறி தவறிய ஒருவரை ஸ்னூக்கர் என்றழைத்தார். புதிய பயிற்சி மாணவரைக் குறிக்கும் அப்படைவழக்குச் சொல்லே ஆட்டத்தின் பெயராயிற்று.

ஆப்கானியப் போரில் காயமுற்றபின், சென்னைப் படைத் தளபதி ராபர்ட்சிடம் பணியாற்றினார். கோடைகளை உதகமண்டலத்தில் கழித்தார். அங்குள்ள ஊட்டி கிளப் கட்டடம், 1830களின் தொடக்கத்தில் சர் வில்லியம் ரம்போல்ட் விடுதியாகக் கட்டியது. தூண் முகப்பு கொண்டது. அதன் பில்லியர்ட்ஸ் அறையில் 1882 இல் ஆட்ட விதிகள் எழுதி வைக்கப்பட்டன.

1900 முதல் 1916 வரை அயர்லாந்துக் காவல்துறைத் தலைவராக இருந்தார். ஸ்னூக்கரின் தோற்றம் பற்றி வேறு கூற்றுகள் பரவவே, 1938 இல், 82 ஆம் வயதில், லண்டன் இதழொன்றுக்குக் கடிதம் எழுதித் தம் உரிமையை நாட்டினார்.