விளக்கு ஏந்திய சீமாட்டி மூட்டிய அடுப்பு

1854-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி. துருக்கி நாட்டில் ஸ்கூட்டாரி என்ற ஊர். அங்கே இருந்த ஒரு பெரிய பட்டாளக் கட்டிடத்தை ஆஸ்பத்திரியாக மாற்றி இருந்தார்கள். ரஷியாவுடன் நடந்த கிரிமியா போரில் காயம் பட்டும், நோய் கண்டும் வந்த இங்கிலாந்துச் சிப்பாய்கள் அங்கே குவிந்து கிடந்தார்கள்.

அன்று 38 நர்சுகளுடன் ஒரு பெண் வந்து இறங்கினார். வயது 34. அவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல்.

கையில் விளக்குடன் இரவில் அவர் நோயாளிகளைப் பார்த்து வந்த கதை ஊர் அறிந்தது. அவர் அங்கே அடுப்பு மூட்டிய கதை பலருக்குத் தெரியாது.

பணக்கார வீட்டுப் பெண்

நைட்டிங்கேல், 1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். பெற்றோர் இங்கிலாந்தின் செல்வந்தர்கள். நர்சு வேலைக்கு அந்தக் காலத்தில் மதிப்பு இல்லை. மகள் அதற்குப் போக ஆசைப்பட்டதும் வீட்டில் பெரிய எதிர்ப்பு. பல ஆண்டுகள் பொறுத்திருந்து, 1851-ல் ஜெர்மனியில் பயிற்சி பெற்றார். போர் இலாகா மந்திரி சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக் கொண்டதால் துருக்கிக்குப் புறப்பட்டார்.

கொப்பரையில் பழைய ஆணி

ஆஸ்பத்திரிச் சமையல் அறையில் 13 பெரிய செப்புக் கொப்பரைகள் இருந்தன. ஒவ்வொரு கூட்டத்தாரும் தங்கள் பங்கு இறைச்சியைக் கட்டி, அடையாளத்துக்குக் கந்தல் துணி, பொத்தான், பழைய ஆணி என்று எதையாவது சேர்த்துக் கட்டிக் கொப்பரையில் போடுவார்கள். தண்ணீர் கொதித்ததா என்று பார்ப்பது இல்லை. சில துண்டுகள் குழைந்து போகும். சில பச்சையாகவே வெளியே வரும்.

எலும்பையும் சேர்த்துத்தான் நிறுத்தார்கள். ஆகவே சிலருக்கு வெறும் எலும்பு கிடைத்தது. எலும்பை நீக்கித் தரக்கூடாதா என்று நைட்டிங்கேல் கேட்டார். அதற்குப் பட்டாளத்தில் புதிய சட்டம் போட வேண்டும் என்று பதில் வந்தது!

எல்லோருக்கும் பங்கிட்டு முடிக்கப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் சோறு ஆறிவிடும். கத்தியும் கரண்டியும் கிடையாது. வயிற்றுக் கடுப்பில் துவண்டு கிடந்தவன் அந்தக் கட்டி இறைச்சியை என்ன செய்வான்? தொடாமலே வைத்து விடுவான்.

டாக்டர் சீட்டு

டாக்டர்கள் முதலில் நைட்டிங்கேலை வரவேற்கவில்லை. அவர் சண்டை போடவில்லை. டாக்டர் உத்தரவு இல்லாமல் நர்சுகள் நோயாளியைத் தொடக்கூடாது என்று தாமே தடுத்து வைத்தார். வரும் வழியில் பிரான்சு நாட்டில் வாங்கிய உணவுப் பொருள்கள் கையில் இருந்தன. தனிச் சமையல் அறை தொடங்கினார். ஆரோரூட் கஞ்சி, சூப் போன்ற எளிதில் செரிக்கும் உணவுகள் அங்கே தயார் ஆயின. அவையும் டாக்டர் சீட்டு இருந்தால்தான் வெளியே போகும்.

1855-ல் அலெக்சிஸ் சோயர் என்ற புகழ் பெற்ற பிரெஞ்சு சமையல்காரர் சொந்தச் செலவில் வந்து சேர்ந்தார். பெரிய சமையல் அறைகளையும் திருத்தினார்.

சோயர் வருவதற்கு முன் சாவு குறையவே இல்லை. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் செத்தார்கள். கட்டிடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. மார்ச்சு மாதம் வந்த சுகாதாரக் குழு அதைச் சுத்தம் செய்து, காற்றுக்கும் வழி செய்தது. ஜூன் மாதம் சாவு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. நைட்டிங்கேல் இதை மறைக்கவில்லை. ஊர் திரும்பியதும், அசுத்தத்தால் செத்தவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துப் படம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டினார்.

ஒரு கரண்டி கஞ்சி

1859-ல் அவர் எழுதிய நர்சுத் தொழில் புத்தகத்தில் நோயாளியின் உணவுக்கு என்று தனி அத்தியாயங்கள் உண்டு. வீட்டில் உணவு நிறைந்து கிடக்க, கொடுக்கும் முறை தெரியாததால் நோயாளி பட்டினியால் சாகிறான் என்பது அவர் கண்ட உண்மை.

மிகவும் பலவீனமானவனுக்குக் கிண்ணம் நிறையக் கொடுத்தால் குமட்டும். மணிக்கு ஒரு கரண்டி கொடுத்தால் இறங்கும். குறித்த நேரம் தவறினால், பிறகு பல மணி நேரம் அவனால் சாப்பிட முடியாமல் போகலாம். சாப்பிடாத உணவை அப்புறம் சாப்பிடுவான் என்று பக்கத்திலேயே வைத்திருக்கக் கூடாது. அதைப் பார்க்கப் பார்க்க வெறுப்புதான் வளரும். (தலைமாட்டில் ஆறிப்போன கஞ்சித் தம்ளர் இல்லாத வீடு உண்டா?) சாப்பிடும்போது கவலை தரும் பேச்சு கூடாது. எவ்வளவு உள்ளே போயிற்று என்று கவனித்துக் குறிக்க வேண்டும்.

இறைச்சி சூப்பைப் பெரிய பலம் என்று அப்போது நம்பினார்கள். அதைச் சுண்டக் காய்ச்சினால் மிஞ்சும் சத்து மிகக் கொஞ்சம் என்று அவர் காட்டினார். பால் நல்லது, ஆனால் சற்றுப் புளித்தாலும் கெடுதல் என்றார்.

பெரிய ஆபரேஷன் முடிந்து தீவிர சிகிச்சையில் கிடப்பவருக்கு, குடல் வேலை செய்யுமானால், முதல் இரண்டு நாட்களுக்குள் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுக்கத் தொடங்குவது இன்றைய வழக்கம். உள்ளே போன அளவையும் நர்சு எழுதி வைக்கிறார்.

படுக்கையில் பல ஆண்டு

போர்முனைக்கு அருகே பாலக்லாவா ஊருக்குப் போனபோது நைட்டிங்கேலையே கடும் காய்ச்சல் பிடித்தது. பிழைத்தார், ஆனால் பழைய பலம் திரும்பவில்லை. அதன் பிறகு பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தபடியே எழுதினார். 1860-ல் அவர் பெயரால் லண்டனில் நர்சுப் பள்ளி தொடங்கியது.

1910 ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில் காலமானார். அரசர்களுக்கு உரிய வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தார்கள். குடும்பத்தார் ஏற்கவில்லை. கிராமத்து ஆலயத்தில் உள்ள கல்லில், அவர் பெயரின் இரண்டு முதல் எழுத்துக்களும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே இருக்கின்றன.