பனகல் அரசர்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவர் எழுதியது)

முன்னுரை

சென்ற ஆண்டு என் தமக்கையின் திருமணத்திற்கு ஜவுளி எடுக்க அத்தாவுடன் சென்னை சென்றிருந்தேன். தியாகராய நகரில் கடை கடையாக ஏறி இறங்கிக் களைத்துப் போய்ப் பனகல் பூங்காவில் சற்று அமர்ந்தோம். அங்கே நின்ற சிலையைக் காட்டி, அது யாருடையது என்று அத்தா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு இது கூடத் தெரியாதா என்பது போல் அவர் என்னைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் நூலகத்தில் தேடிப் படித்தேன். நான் கல்லூரிக்கு வந்ததற்கும் அந்தச் சிலைக்குரியவருக்கும் தொடர்பு உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தேன். அவ்வரலாற்றைச் சக மாணவர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

பனகல் அரசரின் இயற்பெயர் பனகண்டி இராமராயநிங்கார். 1866ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் காளத்தியில், வேலமர் குலத்து நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. வடமொழியிலும் நல்ல புலமை பெற்றிருந்தார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1893இல் பட்டம் பெற்றார்.

செல்வர் வீட்டுப் பிள்ளையாகிய அவர் வசதியாகக் காலங்கழித்திருக்கலாம். ஆயினும் பொதுவாழ்வை நாடினார். வட ஆர்க்காடு மாவட்டக் கழகத்தில் பணியாற்றினார். 1912 முதல் 1915 வரை, தென்னாட்டு நிலக்கிழார்களின் பிரதிநிதியாக இந்தியப் பேரரசின் சட்டமன்றத்தில் அமர்ந்தார். பின்னர் சர் பிட்டி தியாகராயரும் டாக்டர் டி. எம். நாயரும் வழிநடத்திய நீதிக்கட்சியில் சேர்ந்தார்.

இரட்டை ஆட்சி

அமெரிக்காவில் மாநில ஆளுநரை அம்மாநில மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். அந்நாளில் நம் மாகாணத்து ஆளுநரோ இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டவர். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆட்சி இரண்டாகப் பகுக்கப்பட்டது. நிதி, காவல், நிலவரி முதலியவை ஆளுநரின் கையிலேயே இருந்தன. கல்வி, பொதுநலம், உள்ளாட்சி, வேளாண்மை முதலியவை மட்டும் அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பணப்பெட்டியின் சாவி ஒருவரிடமும் செலவுப் பொறுப்பு மற்றொருவரிடமும் இருந்த ஆட்சி அது! வாக்குரிமையும் எல்லோருக்கும் இல்லை. நாலு கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் சொத்தும் வரியும் உடைய ஏறத்தாழ 12 இலட்சம் பேருக்கே வாக்கு இருந்தது.

இவ்விடத்தில் நம் பகுதியைப் பற்றி ஒன்று கூற வேண்டும். இன்று நாம் புதுக்கோட்டை மாவட்டத்தார். அன்று புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். கோட்டைப்பட்டினம் உள்ளிட்ட நம் கடற்கரையோ சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. எனவே பனகல் அரசரின் ஆட்சி நம் ஊரின் மீதும் நடந்த ஆட்சியே. 1974இல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று.

முதலமைச்சர் பொறுப்பு

1920ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. தியாகராயர் பதவியை ஏற்க மறுத்துவிட, கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். இராமராயநிங்கார் உள்ளாட்சித் துறை அமைச்சரானார். உடல்நலம் குன்றி ரெட்டியார் விலகவே, 1921 சூலை 11ஆம் நாள் இராமராயநிங்கார் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றார். 1926 திசம்பர் 3ஆம் நாள் வரை ஐந்தாண்டுகளுக்கும் மேலாக அப்பதவியில் இருந்தார். பனகல் அரசர் என்ற பட்டத்தைப் பிரிட்டிஷ் அரசு அவருக்கு அளித்தது. 1926இல் சர் பட்டமும் பெற்றார்.

வகுப்புரிமை ஆணை

அந்நாளில் அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பெரும்பான்மை இடங்கள், மக்கள் தொகையில் நூற்றுக்கு மூன்று பேராக இருந்த ஒரு வகுப்பாரிடமே இருந்தன. உழவர், நெசவாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பே எட்டாக் கனி.

1921 செப்டம்பர் 16ஆம் நாள் பனகல் அரசரின் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அரசுப் பணிகளை எல்லா வகுப்பாருக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும். பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர் என ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேரை அமர்த்தினோம் என்று துறைத் தலைவர்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். 1922இல் இரண்டாம் ஆணை வந்தது. அரசுக் கல்லூரிகளில் மாணவரைச் சேர்க்கத் தேர்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1924இல் அலுவலர் தேர்வுக் கழகம் தோன்றியது. அதுவே 1929இல் சென்னை மாகாண அரசுப் பணியாளர் தேர்வாணையமாக வளர்ந்தது.

ஆணை பிறந்தவுடன் அனைத்தும் மாறிவிடவில்லை. அதிகாரிகள் தயங்கினர், கணக்குகள் தாமதமாயின. அவர் பதவி இழந்த பின், டாக்டர் சுப்பராயன் ஆட்சியில், அமைச்சர் முத்தையா முதலியாரின் முயற்சியால் திட்டமான பங்கீடு வந்தது. பன்னிரண்டு இடங்களுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம்கள், கிறித்தவர் ஆகியோருக்கு இவ்விரண்டு, ஆதிதிராவிடருக்கு 1 என வகுக்கப்பட்டது. ஆயினும் விதை ஊன்றியவர் பனகல் அரசரே.

அறநிலையமும் மருத்துவமும்

கோயில் சொத்துக்களின் வருவாய் சிலர் கையில் சிக்கிச் சீரழிந்தது. கணக்குக் கேட்பாரில்லை. இதனைச் சீர்செய்ய 1922இல் இந்து அறநிலைய மசோதா கொண்டுவரப்பட்டது. சமயத்தில் அரசு தலையிடுவதா என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. வடமொழி நூல்களைக் கற்றுத் தேர்ந்த பனகல் அரசர் பொறுமையோடு வாதாடினார். 1925இல் அது சட்டமாயிற்று. இன்றைய இந்து சமய அறநிலையத் துறைக்கு அதுவே அடிப்படை.

நாட்டு மருத்துவத்தையும் அவர் மறக்கவில்லை. சர் முகமது உஸ்மான் தலைமையில் 1921இல் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. அதன் பயனாகச் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் கற்பிக்கும் இந்திய மருத்துவப் பள்ளி 1925இல் சென்னையில் தொடங்கியது. தஞ்சையில் பிறந்த அந்த உஸ்மானே 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் விளங்கினார்.

குறைகளும் உண்டு

புகழ்வது மட்டும் வரலாறு ஆகாது. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின் போது சாதி இந்துத் தொழிலாளருக்கும் ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் மோதல் மூண்டது. கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடரின் பக்கம் நிற்கத் தவறினர். மனம் நொந்த எம். சி. இராசா 1923இல் கட்சியை விட்டு விலகினார். கீழ்த்தட்டில் இருந்தோருக்குக் கிடைத்த பங்கு மிகச் சிறிது என்ற குறை நியாயமானதே. கட்சி நிலக்கிழார்களின் பிடியில் இருந்ததும் உண்மை.

1923 நவம்பரில் சி. ஆர். ரெட்டி முதலியோர் அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தனர். அதற்கு ஆதரவாக 44, எதிராக 65 வாக்குகள் விழுந்தன; அரசு தப்பியது. ஆனால் 1926ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயராச்சியக் கட்சியிடம் நீதிக்கட்சி தோற்றது. பனகல் அரசர் பதவி விலகினார்.

மறைவு

பதவி போன பின்னும் கட்சித் தலைவராகத் தொண்டாற்றிய அவர், 1928 திசம்பர் 16ஆம் நாள் விஷக் காய்ச்சலால் காலமானார். சைதாப்பேட்டைப் பனகல் மாளிகையும் தியாகராய நகர்ப் பூங்காவும் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன.

முடிவுரை

வகுப்புரிமை ஆணை செல்லாது என 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டில் அரசியலமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இட ஒதுக்கீடு பிழைத்தது.

எங்கள் அத்தா விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். 2007இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு வழங்கிய மூன்றரை விழுக்காட்டு ஒதுக்கீட்டில்தான் எனக்கு இங்கே இடம் கிடைத்தது. இடம் கிடைத்தது இரக்கத்தால் என்று முதலாண்டில் எண்ணிக் கூசியதுண்டு. நூறாண்டுகளுக்கு முன்பே அரசு ஆணையாக எழுதப்பட்ட உரிமை இது என்று அறிந்தபின் அந்தக் கூச்சம் போயிற்று, பொறுப்பு வந்தது. பெற்ற இடத்தில் நன்கு பயின்று, நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கையருக்கும் வழிகாட்டுவதே நாம் செய்யத்தக்க கைம்மாறு.

பூங்காச் சிலை யாருடையது என்பதை அத்தாவிடம் சொல்லிவிட்டேன். நண்பர்களே, நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.

வாழ்க பனகல் அரசர் புகழ்!