கார்தெல் எந்த ஊர்க்காரர்?

1935-இல் விமான விபத்தில் மறைந்த டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தெல் எந்த மண்ணின் மைந்தர் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. அர்ஜெண்டினா தன் மகன் என்கிறது. உருகுவே தன் மண்ணில் பிறந்தவர் என்கிறது. இந்த வழக்கின் தீர்ப்பைவிட, அதற்கு வித்திட்ட வாழ்க்கையே எனக்கு முக்கியமாகப்படுகிறது.

பிரான்ஸின் தூலூஸ் நகரில் 1890 டிசம்பர் 11 அன்று அவர் பிறந்ததைப் பிறப்புப் பதிவேடு காட்டுகிறது. தந்தை அவரை ஏற்கவில்லை. 1893-இல் கைக்குழந்தையுடன் பியூனஸ் அயர்ஸில் வந்திறங்கிய தாய் பெர்த், துணிகளுக்கு இஸ்திரி போட்டு மகனை வளர்த்தார். 1914-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரவாசிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியர், ஸ்பானியர் எனப் பலரும் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளில் ‘லுன்ஃபார்தோ’ என்ற கொச்சைமொழி செழித்தது. டாங்கோவும் அங்கேதான் வேர்பிடித்தது.

தொடக்கத்தில் கார்தெல் பாடியவை நாட்டுப்புறப் பாடல்கள். உருகுவேயைச் சேர்ந்த ஹோசே ரசானோவுடன் இணைந்து மேடையேறினார். 1917-இல், பாஸ்குவல் கோந்துர்சி எழுதிய ‘மி நோச்சே திரிஸ்தே’யை அவர் பாடியபோது, பெரும்பாலும் ஆட்டத்துக்கான இசையாக இருந்த டாங்கோ கதை சொல்லும் பாடலாயிற்று. கைவிடப்பட்ட ஒருவனின் துயரம், அவன் தெருவில் பேசிய மொழியிலேயே ஒலித்தது. அந்நகரத்து எளிய மக்கள் தங்கள் பேச்சு வெட்கத்துக்குரியதல்ல என்று உணர்ந்திருக்க வேண்டும்.

1920-இல் அவர் உருகுவே தூதரகத்தில், தான் தக்குவாரெம்போவில் பிறந்ததாகப் பதிவுசெய்தார். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேராததற்கான தண்டனைக்கு அஞ்சியே இப்படிச் செய்தார் என்பது பலரின் கணிப்பு. 1923-இல் அர்ஜெண்டினக் குடியுரிமை பெற்றார். 1933-இல் எழுதிய உயிலிலோ பிறந்த ஊர் தூலூஸ் என்றார். அந்த உயிலை உருகுவே தரப்பினர் ஏற்பதில்லை. பிழைப்புக்காக எழுதிய ஒரு தாள், ஒரு நாட்டின் பெருமிதத்துக்கு ஆதாரமாகிவிட்டது!

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 1930-களில் பாரமவுன்ட் நிறுவனப் படங்களுக்காக அவருக்குப் பாடல் எழுதியவர் அல்ஃப்ரெதோ லெ பெரா. ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் அனைத்துக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, லுன்ஃபார்தோ சொற்களை அவர் பெருமளவு தவிர்த்தார். பியூனஸ் அயர்ஸின் காதல் கீதமாகவே கருதப்படும் ‘மி பியூனஸ் அயர்ஸ் கெரிதோ’ 1934-இல் நியூயார்க்கில் எடுக்கப்பட்ட படத்துக்காக உருவானது. எழுதியவர் பிரேசிலில் பிறந்தவர். பாடியவர் பிரான்ஸில் பிறந்தவர். இதில் முரண் ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. தொலைவில் இருப்பவருக்குத்தானே ஊர் நினைவு மிகும்? ஆனால், உலகை வென்ற அந்தப் பாடல்களில் தெருவின் மணம் குறைந்துபோனது இழப்புதான். கார்தெல் விரும்பி விட்டுக்கொடுத்ததை, 1943-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் கட்டாயமாக்கியது. வானொலியில் லுன்ஃபார்தோ பாடல்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. நாட்டுப்பற்றைப் பேசியவர்களே நகரத்தின் நாவைக் கட்டினார்கள்.

1935 ஜூன் 24 அன்று, கொலம்பியாவின் மெடயின் விமான நிலையத்தில் இரு விமானங்கள் மோதிக்கொண்டதில் கார்தெலும் லெ பெராவும் இறந்தனர். 1936 பிப்ரவரியில் பியூனஸ் அயர்ஸ் வந்து சேர்ந்த உடலைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. டாங்கோவை உலகப் பண்பாட்டு மரபாக ஏற்கக் கோரி இரு நாடுகளும் சேர்ந்தே விண்ணப்பிக்க, 2009-இல் யுனெஸ்கோ அதை ஏற்றது. சக்கரீத்தா இடுகாட்டில் இருக்கும் கார்தெல் சிலையின் விரலிடுக்கில், பற்றவைத்த சிகரெட் ஒன்றைச் செருகிவிட்டுப் போவது ரசிகர்களின் வழக்கம்.