கருங்காய்ச்சலை வென்ற மருத்துவ அறிஞர்

காவலர் இல்லத்திலேயே பகைவர் குடிபுகுந்தால் ஊரைக் காப்பது எவ்வாறு? காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலில் நேர்வது அதுவே. மணல் ஈ கடிக்கும்போது உடலில் புகும் லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணி, கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்களுக்குள்ளேயே தங்கிப் பெருகுகிறது. உடல் எதிர்ப்பொருள்களை மிகுதியாக உண்டாக்கினும், செல்லுக்குள் மறைந்திருக்கும் பகையை அவை எட்டுவதில்லை. மாதக்கணக்கில் காய்ச்சல் நீள, மண்ணீரல் வீங்கும், குருதி குன்றும், மேனி கறுக்கும். உரிய மருத்துவம் இன்றேல் நோயாளி பிழைப்பது அரிது. வங்கத்திலும் அசாமிலும் பீகாரிலும் எண்ணற்றோர் இந்நோய்க்கு இரையாயினர்.

1903ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லீஷ்மனும் சென்னையில் சார்லஸ் டோனவனும் தனித்தனியே இவ்வொட்டுண்ணியை உலகிற்கு அறிவித்தனர். லீஷ்மேனியா டோனவானி என இருவர் பெயரும் அதற்கு அமைந்தன. நோயின் காரணம் விளங்கிற்று. ஆயினும் தக்க மருந்து கிட்டவில்லை. அக்குறையைப் போக்கியவரே உபேந்திரநாத் பிரம்மச்சாரி.

1873இல் பிறந்த அவர், இரயில்வே மருத்துவரின் மகன். கணிதமும் வேதியியலும் கற்றுப் பின்னர் மருத்துவம் பயின்றார். சிவப்பணுக்களின் சிதைவை ஆராய்ந்து 1904இல் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு கல்கத்தாவின் கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியராகவும் மருத்துவராகவும் பொறுப்பேற்றார்.

அக்காலத்தில் வழங்கிய டார்ட்டர் எமெட்டிக் என்னும் ஆண்டிமனி மருந்து ஓரளவே பயன் தந்தது. அதனை நெடுநாள் செலுத்த வேண்டியிருந்தது. பக்கவிளைவுகளும் கடுமையாக இருந்தன. தீங்கு குறைந்த ஆண்டிமனிச் சேர்மம் ஒன்றை உருவாக்கப் பிரம்மச்சாரி முனைந்தார். அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடமோ ஒரு சிற்றறை. அங்கு மின்விளக்கு இல்லை, எரிவாயு இல்லை, குழாய்நீரும் இல்லை. பகலில் நோயாளிகளைக் கவனித்தவர், இரவில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் ஆய்வைத் தொடர்ந்தார். 1920இல் யூரியா ஸ்டிபமின் பிறந்தது. மாதக்கணக்கில் நீண்ட சிகிச்சை சில வாரங்களாகச் சுருங்கியது. சாவை எதிர்நோக்கிக் கிடந்தோர் நலமுற்று வீடு திரும்பினர்.

நோயை அறியவும் அவர் எளிய வழி கண்டார். நோயாளியின் குருதிநீரில் குளோபுலின் புரதம் மிகுந்திருக்கும். அதனுடன் காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்தால் வீழ்படிவு தோன்றும். உடலின் எதிர்வினையே நோயைக் காட்டும் சான்றாயிற்று.

வெற்றியில் அவர் மனநிறைவு கொண்டு அமர்ந்துவிடவில்லை. குணமடைந்தோர் சிலரின் தோலில் பின்னாளில் தடிப்புகள் தோன்றுவதைக் கண்டார். அவற்றை ஆராய்ந்து, ஒட்டுண்ணி அங்கே எஞ்சியிருப்பதை 1922இல் வெளிப்படுத்தினார். காய்ச்சல் தணிந்தாலும் உடலுக்கும் ஒட்டுண்ணிக்கும் இடையிலான போர் முடிவதில்லை என்பதை அக்கண்டுபிடிப்பு உணர்த்தியது. இத்தகையோரிடமிருந்து மணல் ஈ நோயைப் பிறருக்குப் பரப்பக்கூடும் என்பதால், தோலில் தோன்றும் அவ்வடையாளங்களை மருத்துவ உலகம் இன்றும் கூர்ந்து நோக்குகிறது.

1929இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது; பரிசு கிட்டவில்லை. 1934இல் சர் பட்டம் பெற்றார். 1936இல் இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை ஏற்றார். 1946இல் மறைந்தார். வசதியின்மை அவரது முயற்சிக்குத் தடையாகவில்லை. வெற்றியும் அவரது தேடலை நிறுத்தவில்லை. பிரம்மச்சாரியின் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி இதுவே.