தனிமையை அளந்த அறிஞர்

உயிரை வெறுக்கும் எண்ணம் ஒருவர் நெஞ்சில் முளைத்திருப்பதைப் பிறர் எங்ஙனம் அறிவது? வன்னி மண்ணில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இஃது ஏட்டு வினா அன்று. 2009 இல் போர் ஓய்ந்து, இடம்பெயர்ந்தோர் மீளக் குடியமர்ந்த காலத்தில், மாணவன் ஒருவன் விடைத்தாளை வெறுமையாகவே தந்துவந்தான். சோம்பல் என்று கடிந்தேன். அது பிழையென எனக்கு உணர்த்தியது பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைமின் வரலாறு.

அவர் 1858 இல் எப்பினால் நகரிலே யூத குருமார் குடியிற் பிறந்தார். குலத்தொழிலை விடுத்துக் கல்வித்துறை புகுந்தார். 1886 இல் அவருடைய கல்லூரித் தோழர் விக்டர் ஒமே அகால மரணமெய்தினார். அது தற்கொலையாகலாம் எனக் கருதுவோர் உளர். மறு ஆண்டு போர்தோவில் ஆசிரியரான துர்க்கைம், 1897 இல் தற்கொலை பற்றிய தம் நூலை வெளியிட்டார். அதன்பொருட்டு ஏறத்தாழ 26,000 இறப்புப் பதிவுகளை மருகர் மார்செல் மோசு வகைசெய்து உதவினார். குடும்பம், சமயம், சமூகம் ஆகியவற்றின் பிணிப்புத் தளருமிடத்தே தற்கொலை மிகும் என்பது அந்நூலின் முடிபுகளுள் தலையாயது. போர்க்காலத்தில் அது குறையும் என்பதையும் அவர் கண்டார். பொது இடர் மக்களை நெருக்கிப் பிணைக்குமன்றோ! வட இலங்கை பற்றி மருத்துவர் தயா சோமசுந்தரமும் இராஜதுரையும் 1995 இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு ஒத்தது. அங்ஙனமாயின், போர் ஓய்ந்து அவரவர் தம் துயரோடு தனித்திருக்கும் காலத்திலன்றோ நாம் மிக விழித்திருத்தல் வேண்டும்?

தனியொருவர் மனத்தை அளக்கும் கருவியைத் துர்க்கைம் செய்தாரல்லர். அதனைப் பின்னாளில் அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் முதலியோர் செய்தனர். பெக் 1974 இல் அமைத்த நம்பிக்கையின்மை அளவையில் 20 கூற்றுகள் உள. 1979 இல் வந்த தற்கொலை எண்ண அளவையில் 19 கூறுகள் உள. இவை நெஞ்சினுள்ளே நோக்குவன. துர்க்கைம் நோக்கியது அந்நெஞ்சைச் சூழ்ந்த உறவை. நமக்கு இரண்டும் வேண்டும்.

முதல் உலகப் போரில், 1915 இல், மகன் ஆந்திரே மாண்டான். அத்துயரிலிருந்து மீளாமலே துர்க்கைம் 1917 இல் தம் 59 ஆம் வயதில் மறைந்தார். உறவின் வலிமையை உலகுக்கு உணர்த்தியவரையே ஓர் உறவின் இழப்பு வீழ்த்தியது.

இவற்றையெல்லாம் கற்றபின் அம்மாணவனை அழைத்து, யாருடன் இருந்து உண்கிறான் என வினவினேன். உடன் உண்ண ஒருவரும் இலர். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் உண்டோ என்றும் நேரே கேட்டேன். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. அவன் அழுதான். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்; அயல்வீட்டு அம்மையார் நாள்தோறும் தம் பிள்ளைகளோடு அவனையும் இருத்திச் சோறிட்டார். இன்று அவனும் ஓர் ஆசிரியன்.

ஆசிரியப் பெருமக்களே, வெறுந்தாளுக்குப் பூச்சியம் இடுமுன் அவ்வினாக்களைக் கேளுங்கள்.