ஓமந்தூரார் யார்? கட்சிக்காரர்களே ஏற்றி, கட்சிக்காரர்களே இறக்கிய திண்டிவனத்துக்காரரின் கதை

சென்னை அண்ணா சாலையில் யாரைக் கேட்டாலும் ஓமந்தூரார் மருத்துவமனைக்கு வழி சொல்லிவிடுவார்கள். சட்டப்பேரவைக்காகக் கட்டி 2010-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், 2014-ல் பன்னோக்கு மருத்துவமனை ஆனது. அது நிற்கும் இடத்துக்கே ஓமந்தூரார் அரசினர் தோட்டம்னுதான் பேர். ஆனா அந்த ஓமந்தூரார் யாருன்னு கேட்டால் பலரும் யோசிப்பார்கள்.

நாடு சுதந்திரம் அடைந்த 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை மாகாணத்தை ஆண்டுகொண்டிருந்தவர் அவர்தான். பொதுத்தேர்தல் எதுவும் நடக்காமலே, கட்சிக்குள் நடந்த போட்டியால் பதவிக்கு வந்தார். அதே மாதிரி கட்சிக்குள் நடந்த போட்டியால்தான் பதவியை விட்டும் போனார். இடையில் கிடைத்தது இரண்டு வருடமும் இரண்டு வாரமும்.

எந்த ஊர்?

முழுப்பெயர் ஓ.பி. ராமசாமி ரெட்டியார். 1895 பிப்ரவரி 1-ல் திண்டிவனம் பக்கத்தில் உள்ள ஓமந்தூரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். திண்டிவனத்தில் பள்ளிப் படிப்பு. அப்போது இந்தப் பகுதி தென்னாற்காடு மாவட்டம். இன்றைக்கு விழுப்புரம் மாவட்டம்.

காந்தியின் இயக்கத்தில் சேர்ந்து, மயிலம், திண்டிவனம், விழுப்புரம் பக்கமெல்லாம் காங்கிரஸை வளர்த்தவர்களில் முக்கியமானவர். வள்ளலார் மீதும் ரமண மகரிஷி மீதும் பக்தி கொண்டவர். பதவியைத் தேடி ஓடுகிற ஆள் இல்லை என்ற பேர் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு.

கட்சிக்குள் ஓட்டு... எப்படி?

அமெரிக்காவில் பிரைமரி தேர்தல் நடப்பதை நியூஸில் பார்த்திருப்பீர்கள். அதிபர் தேர்தலுக்கு முன்னாடி, ஒவ்வொரு கட்சிக்குள்ளும் பல பேர் போட்டி போடுவார்கள். யார் கட்சியின் வேட்பாளர் என்பதை மாநிலம் மாநிலமாக வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

நம்ம ஊரில் அப்படி இல்லை. ஆனா அன்றைய காங்கிரஸில் அதற்குக் கொஞ்சம் நெருக்கமான ஒன்று இருந்தது. யார் ஆட்சித் தலைவர் என்பதைக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் கூடி முடிவு செய்வார்கள். மாநிலத் தலைவர் பதவிக்கும் போட்டி நடக்கும். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்குக் காமராஜரும் சி.பி. சுப்பையாவும் மோதினார்கள். காமராஜருக்கு 103 ஓட்டு, சுப்பையாவுக்கு 100. மூன்றே ஓட்டு வித்தியாசம்தான்!

1946: ஒரு நாற்காலி, பல கோஷ்டி

அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. ஆந்திரக் கடலோரம், ராயலசீமா, மலபார், தென் கன்னடம், பெல்லாரி எல்லாம் அதற்குள் அடக்கம். 1946 தேர்தலில், 215 இடங்கள் கொண்ட பேரவையில் காங்கிரஸ் தெளிவான பெரும்பான்மை பெற்றது. பிரச்சினை அதற்குப் பிறகுதான். யார் தலைவர்?

காந்தியும் கட்சி மேலிடமும் ராஜாஜியை விரும்பினார்கள். ஆனா உறுப்பினர்களில் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்ளவில்லை. 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ஏற்காமல் கட்சியை விட்டு விலகியவர் ராஜாஜி. பாகிஸ்தான் கோரிக்கையில் ஜின்னாவோடு சமரசம் பேச வேண்டும் என்றவரும் அவரே. நாங்கள் ஜெயிலில் இருந்தபோது இவர் எங்கே இருந்தார் என்பதுதான் அவரை எதிர்த்தவர்களின் கேள்வி. திறமையான நிர்வாகி வேண்டாமா என்பது ஆதரித்தவர்களின் கேள்வி.

கடைசியில் போட்டி ஆந்திர கேசரி என்று அழைக்கப்பட்ட பிரகாசத்துக்கும், காமராஜர் ஆதரித்த முத்துரங்க முதலியாருக்கும் இடையே நடந்தது. ராஜாஜி ஆதரவாளர்கள் யார் பக்கமும் சாயாமல் ஒதுங்கி நின்றார்கள். பிரகாசம் ஜெயித்தார். தமிழ் உறுப்பினர்களும் ஆந்திர உறுப்பினர்களும் ஆளுக்கொரு கணக்குப் போட்ட தேர்தல் அது.

ஏன் ஓமந்தூரார்?

பிரகாசத்தின் ஆட்சி ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கதரை வளர்க்க வேண்டும் என்பதற்காகப் புது பஞ்சாலைகளுக்குத் தடை போட்டார். அதற்கு ஆலை முதலாளிகளிடம் இருந்தும், கட்சிக்குள் இருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. காமராஜரோடும் ஒத்துப்போகவில்லை. சொந்தக் கட்சி உறுப்பினர்களின் ஆதரவை இழந்து 1947 மார்ச்சில் பதவி விலகினார்.

அடுத்தது யார்? ராஜாஜி அப்போது டெல்லி இடைக்கால அரசில் அமைச்சர். காமராஜர் மாநிலத் தலைவர். கோஷ்டிகள் அதிகம் சண்டை போடாமல் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒருவர் வேண்டும். பணம் சேர்க்காதவர், யாரோடும் பெரிய பகை இல்லாதவர் என்ற முறையில் ஓமந்தூரார் பெயர் வந்தது. காமராஜர் ஆதரவு கொடுத்தார். ஓமந்தூரார் முதலில் தயங்கினார் என்றும், ரமணரைப் பார்த்த பிறகே சம்மதித்தார் என்றும் சொல்வார்கள்.

1947 மார்ச் 23-ல் பதவியேற்றார். அப்போது அந்தப் பதவிக்கு முதலமைச்சர் என்ற பேர் இல்லை. மாகாணப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். அரசியலமைப்பு அமலுக்கு வந்த 1950-க்குப் பிறகுதான் முதலமைச்சர் என்ற பெயர்.

இரண்டு வருடத்தில் என்ன செய்தார்?

சும்மா நாற்காலியை நிரப்ப வந்தவர் என்று நினைத்தவர்களுக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது.

கோயில் நுழைவு: ராஜாஜி ஆட்சியில் 1939-ல் வந்த சட்டத்துக்கு அடுத்த படியாக, 1947-ல் மாகாணம் முழுக்க எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போக உரிமை தரும் சட்டம் வந்தது. பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலையில் முருகனைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்களே, அவர்களில் யாரையும் சாதி கேட்டு நிறுத்த முடியாது. அந்த உரிமைக்குப் பின்னால் இந்தச் சட்டமும் இருக்கிறது.

தேவதாசி முறை ஒழிப்பு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல வருடம் போராடிக் கேட்ட விஷயம். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடை செய்யும் சட்டம் 1947-ல் நிறைவேறியது.

ஜமீன்தாரி ஒழிப்பு: 1948-ல் சட்டம் வந்தது. ஜமீன்தார் கையில் இருந்த நிலங்களை அரசு எடுத்துக்கொண்டு, ரயத்துவாரி முறைக்கு மாற்ற வழி செய்தது. விவசாயி நேரடியாக அரசுக்கு வரி கட்டுவதுதான் ரயத்துவாரி.

மதுவிலக்கு: 1937-ல் சேலத்தில் தொடங்கியது, 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுக்க வந்தது.

இடஒதுக்கீடு: 1947-ல் வகுப்புவாரி அரசாணை திருத்தப்பட்டது. ஒவ்வொரு 14 அரசு வேலையிலும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கென்று தனியாக 2 இடம் கிடைத்தது இதில்தான். வகுப்புவாரி முறையை நீதிமன்றம் ரத்து செய்ததும், அதனால் 1951-ல் அரசியலமைப்பில் முதல் திருத்தம் வந்ததும் இதன் தொடர்ச்சி.

பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு வாங்கியதும் அவர் ஆட்சிக் காலத்தில்தான். அதன் பிறகு பாரதி எல்லாருக்கும் பொதுவானார்.

விமர்சனமே இல்லையா?

இருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது.

இடஒதுக்கீடு, கோயில் சீர்திருத்தம் எல்லாம் பிடிக்காதவர்கள், இவர் தாடி இல்லாத ராமசாமி, அதாவது காங்கிரஸுக்குள் இருக்கும் பெரியார் என்று குறை சொன்னார்கள். ஆனா அதே ஆட்சிதான் 1948-ல் திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. அதே வருடம் பள்ளிகளில் இந்தியைக் கொண்டு வந்தபோது பெரியாரும் அண்ணாவும் போராட்டத்தில் இறங்கினார்கள். ஓமந்தூராரை எந்த ஒரு பக்கத்திலும் அடைக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

ஏன் இறக்கினார்கள்?

இங்கேதான் கதையின் முக்கியமான இடம். அவருக்கு ஓட்டுப் போட வேண்டியவர்கள் பொதுமக்கள் இல்லை, கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள். அவர்களுக்கும் தேவைகள் உண்டு. தெரிந்தவருக்கு வேலை, ஊர்க்காரருக்குப் பெர்மிட், அதிகாரிக்கு மாறுதல்... சிபாரிசோடு வந்தவர்களிடம் ஓமந்தூரார் கறாராக இருந்தார் என்பதுதான் அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் விஷயம்.

மாகாணத்தில் அவருக்கு நல்ல பேர். கட்சி உறுப்பினர்களிடம் அதிருப்தி. காமராஜரோடும் உறவு கசந்தது. ஆட்சி பெரிசா, கட்சி பெரிசா என்ற பழைய சண்டைதான். 1949-ல் பெரும்பான்மை உறுப்பினர்கள் தன் பக்கம் இல்லை என்ற நிலை வந்ததும் விலகினார். ஏப்ரல் 6-ல் காமராஜர் ஆதரவோடு பி.எஸ். குமாரசாமி ராஜா பதவிக்கு வந்தார். ஓமந்தூரார் தனிக்கட்சி தொடங்கவில்லை. வடலூருக்குப் போனார். வள்ளலார் வழியில் கல்வி, தர்மப் பணிகள் என்று வாழ்ந்து, 1970 ஆகஸ்ட் 25-ல் காலமானார்.

இன்றைக்கு இதில் என்ன இருக்கு?

கட்சிக்குள் ஓட்டு நடத்தினாலே ஜனநாயகம் வந்துவிடும்னு நினைக்கிறோம். யார் ஓட்டுப் போடுகிறார்கள், எதைப் பார்த்துப் போடுகிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். ஓமந்தூராரைக் கொண்டு வந்தது கட்சிக்குள் நடந்த விவாதம்தான். நல்ல ஆள் யார் என்று தேடியபோது அவர் கிடைத்தார். நமக்கு வேண்டிய ஆள் யார் என்று தேடியபோது அவர் போய்விட்டார்.

அந்த மாதிரிப் போட்டி நல்லதும் செய்திருக்கிறது. 1954-ல் ராஜாஜி விலகியதும் நடந்த ஓட்டெடுப்பில் காமராஜர் 93, சி. சுப்பிரமணியம் 41. ஜெயித்த காமராஜர், தோற்ற சுப்பிரமணியத்தையே தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். ரொம்ப வருடத்துக்குப் பிறகு 2022-ல் காங்கிரஸ் தேசியத் தலைவர் தேர்தலில் கார்கே 7,897 ஓட்டும், சசி தரூர் 1,072 ஓட்டும் வாங்கியபோது, கட்சிக்குள் இப்படியெல்லாம் தேர்தல் நடக்குமா என்று பலரும் ஆச்சரியப்பட்டார்கள். ஒரு காலத்தில் நடந்தது. அதுவும் மூன்று ஓட்டில் முடிவாகும் அளவுக்கு.

ஓமந்தூராருக்கு ஓட்டுப் போட்டவர்கள், போட மறுத்தவர்கள் பெயர்கள் இன்று பெரும்பாலும் யாருக்கும் நினைவில்லை. அந்த இரண்டு வருடத்தில் வந்த சட்டங்கள்தான் மிச்சம்.